மாமன் மடி

எனக்கு ஏழு வயது முடியும்வரை என் தலையில் கத்தி பட்டதில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளிடையே சடை போட்டுத் திரிந்த ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். கைக்குழந்தையாக இருந்தபோது எனக்குக் கடுங்காய்ச்சல் கண்டு, பிழைப்பதே அரிது என்று எல்லோரும் கைவிட்ட நேரத்தில், அம்மா எங்கள் குலசாமி கருப்பருக்கு என் முதல் முடியை நேர்ந்துகொண்டாளாம். கருப்பர் என்னைப் பிழைக்கவைத்துவிட்டார். ஆனால் அவர் இருந்தது கடலுக்கு அப்பால், திருச்சிப் பக்கத்து ஊர் ஒன்றில், ஓர் ஆலமரத்தடியில்.

கடவுள் எங்கும் நிறைந்தவர் என்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லித்தந்தார். எங்கள் கருப்பர் அந்தப் பாடத்தில் சேராதவர். ஊர் எல்லையைக் காக்கிற சாமி எல்லையை விட்டு எப்படி வருவார்? முடியை அவர் சந்நிதியில்தான் இறக்க வேண்டும், அதுவும் தாய்மாமன் மடியில் உட்கார்ந்து. அந்த மாமனும் அங்கேதான் இருந்தார். அம்மா கல்யாணமாகிக் கப்பலேறியபோது அவர் மீசை முளைக்காத பையனாம். நான் அவரைக் கண்ணால் கண்டதில்லை.

தினமும் காலையில் எண்ணெய் வைத்துச் சிக்கெடுக்கும்போது அம்மா இதையெல்லாம் சொல்லுவாள். மாமன் மேளத்தோடு சீர்த்தட்டு கொண்டுவருவார், மடியில் உட்காரவைத்துத் தலையைப் பிடித்துக்கொள்வார், மொட்டைத்தலையில் சந்தனம் பூசுவார், பக்கத்தில் அம்மாவைப் பெற்றவள் நின்று குலவை போடுவாள். எனக்குச் சீப்பு இழுக்கிற வலிதான் பெரிதாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் என்னைப் 'பாப்பா' என்று கூப்பிட்டார்கள். பேன் தொல்லை வேறு.

ஒவ்வொரு வருஷமும் சித்திரை பிறந்ததும் அம்மா ஊர்ப் பேச்சை எடுப்பாள். அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். வேறு எதைக் கேட்டாலும் தட்டிக்கழிப்பவர், குலசாமி என்றதும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அடுத்த வருஷம் கட்டாயம் போகலாம் என்பார். அடுத்த வருஷம் லீவு கிடைக்காது, அல்லது பட்டறையில் ஆள் குறைக்கிறார்கள் என்ற பேச்சு வரும். அம்மா சண்டை போடமாட்டாள். போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலிருந்து கப்பலேற வேண்டிய டிரங்குப் பெட்டியைத் திறந்து, தன் தாய்க்கென்று வாங்கிவைத்திருந்த அரக்குச் சேலையை மடிப்பு மாற்றி வைப்பாள். அதில் என்ன பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்ததில்லை.

அந்தத் தைப்பூசத்தன்று அம்மா வீட்டுக்கு விலக்காகிப் பின்வாசல் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தாள். அதனால் அப்பா என்னை மட்டும் பத்துமலைக்குக் கூட்டிப்போனார். ரயிலில் நசுங்கிக்கொண்டு போனபோதே நான் அழ ஆரம்பித்தேன். யாரோ ஒரு பெண் என்னைப் பார்த்து, "ஒத்தப் பொம்பளப் புள்ளையா?" என்று கேட்டுவிட்டாள். அப்பா முகம் சுண்டிப்போய்விட்டது. எனக்காகத்தான் அது சுண்டியது என்று இப்போது தெரிகிறது.

பட்டறையில் அப்பாவோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவரும் எங்களோடு வந்திருந்தார். ஆற்றங்கரையில் வரிசையாக மொட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் அவரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு அந்த நண்பர் ஆற்றில் முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து என்னை மடியில் இழுத்துக்கொண்டார்.

"நான்தான்டா ஒனக்கு மாமன். ஆடாம இரு, மருமகனே" என்றார்.

குளித்த பிறகும் அவர் மேல் இன்ஜின் எண்ணெய் வாடை அடித்தது. கத்தி ஓட ஓட என் தலை லேசாகிக்கொண்டே வந்தது. அத்தனை முடியையும் அப்பா ஓர் இலையில் வாரிப் பயபக்தியோடு ஆற்றில் விட்டார். பிறகு மரப்படிகளில் ஏறிக் குகைக்குள் முருகனைக் கும்பிட்டோம். கருப்பரிடம் சேர்த்துவிடும்படி அப்பா முருகனிடம் உரக்கவே சொன்னார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்த நிறைவு அவர் முகத்தில் இருந்தது. திரும்பும் வழியில் புது மாமன் எனக்கொரு தொப்பி வாங்கித் தந்தார்.

வீட்டுக்குள் ஓடி, நேரே பின்வாசலுக்குப் போய்த் தொப்பியைக் கழற்றிக் காட்டினேன். அம்மா என் தலையைத் தொடக் கையை நீட்டினாள். நான் சாமி கும்பிட்டுவிட்டு வந்தவன் என்பது நினைவு வந்து பாதியிலேயே கையை இழுத்துக்கொண்டாள். சந்தனம் பூசிய அந்த மொட்டையை அவள் தொடவே இல்லை.

அப்பா பின்னாலேயே வந்து, நல்ல செய்தி சொல்கிறவராக, "எல்லாம் மொறப்படி முடிஞ்சிருச்சு. இனிமே ஊருக்குப் போகணும்னு நீ கவலப்பட வேணாம்" என்றார்.

"முடி எங்க?" என்று அம்மா கேட்டாள்.

"ஆத்துல விட்டாச்சு."

அம்மா எங்கள் யாரையும் பார்க்காமல், "இனி என்னத்தச் சொல்லி நான் ஊருக்குக் கூப்புடுறது?" என்றாள்.

அப்பாவுக்கு அது விளங்கவில்லை. முருகனும் கருப்பரும் வேறு வேறா என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். குலசாமி கோபித்துக்கொண்டு தலையில் புண் வரவழைத்துவிடுவாரோ என்றுதான் எனக்குப் பயம். பல நாள் தலையைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. முடி கருகருவென்று முளைத்தது. கருப்பர் பெருந்தன்மையானவர் என்று அப்பா மெச்சிக்கொண்டார்.

அடுத்த சித்திரையில் அம்மா ஊர்ப் பேச்சை எடுக்கவில்லை. அதற்கடுத்த வருஷமும் எடுக்கவில்லை. பின்னால் யுத்தம் வந்து கப்பலும் நின்றுபோயிற்று. அவள் தாய் இறந்த சேதி எங்களுக்கு வந்து சேர்ந்தபோது கருமாதியே முடிந்திருந்தது. என் தலையில் அவள் ஏழு வருஷம் எண்ணெய் வைத்துக் காப்பாற்றியது எதை என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. அப்பாவையும் என்னால் வெறுக்க முடியவில்லை.

மொட்டை போட்ட அந்த வருஷத் தீபாவளிக்கு அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து, அந்த அரக்குச் சேலையை எடுத்துத் தானே கட்டிக்கொண்டாள். வயதானவர்கள் கட்டுகிற நிறம் என்று அப்பா கேலி செய்தார். அம்மாவும் சிரித்தாள். ஒருவழியாகக் கோபம் தீர்ந்து அம்மா புதுச்சேலை கட்டிவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்கு முழுவதும் அந்த முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டு திரிந்தேன்.