சாவியும் பஸ்ஸோடு ஓடியது

அம்மா ஆண்டாயி, பாடாலூர் பஸ் நிறுத்தத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்றவள். போன மாசியில் இறந்துபோனாள். அவளைப் பற்றி எழுதுவதென்றால் அவள் ஓட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் ஊரில் பஸ் நிற்பது பேருக்குத்தான். ஆள் இறங்கியதும் நகரத் தொடங்கிவிடும். உள்ளே இருப்பவர்களுக்கு அப்போதுதான் வெள்ளரிப்பிஞ்சு தின்னும் ஆசை வரும். அம்மா ஒரு கையில் தட்டும் மறு கையில் பொட்டலமுமாகச் சன்னலோடு சேர்ந்து ஓடுவாள். அவள் வேகமும் பஸ்ஸின் வேகமும் ஒன்றாகிற ஒரு நொடி வரும். அப்போது அவள் கைக்கும் சன்னலுக்கும் நடுவில் அசைவே இருக்காது. மிளகாய்ப்பொடி சிந்தாது. சார்பு வேகம் பூஜ்யம் என்று பிறகு படித்தேன்.

பக்கத்தில் கொய்யா விற்ற பொன்னுத்தாயை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஓடமாட்டார். "டிக்கெட் எடுக்காமயே இவ ஒருநாள் திருச்சி போய்ச் சேந்துருவா" என்று நின்ற இடத்திலிருந்தே வம்பிழுப்பார். அம்மா மூச்சிரைக்கச் சிரித்துக்கொண்டு திரும்புவாள்.

அம்மா டிக்கெட் எடுத்துத் திருச்சி போன நாள், எனக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் உறுதியான நாள். அதே நாளில் எங்கள் செவலை ஆடு குட்டி போடும் நிலையில் இருந்தது. தலையீத்து, அதன் முதல் பிரசவம். அதற்கு முந்தைய வருடம் வளர்த்த ஆடு, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் ஈனமுடியாமல் செத்திருந்தது. இந்த முறை அப்படி ஆகவிடக்கூடாது என்பதுதான் அம்மாவுக்குப் பெரிய கவலை. நாய்களுக்குப் பயந்து ஆட்டை வீட்டுக்குள் கட்டிப் பூட்டினாள். சாவியைப் பொன்னுத்தாய் அத்தையிடம் கொடுப்பதாகவும், அவர் போய்ப் பக்கத்தில் இருப்பதாகவும் ஏற்பாடு.

சன்னலோர இடம் கிடைத்த சந்தோஷத்தில் அம்மா சாவியை மறந்துவிட்டாள். விசில் அடித்து பஸ் நகர்ந்தபோதுதான் இடுப்பில் தட்டுப்பட்டது. அத்தையைக் கூப்பிட்டாள். அவர் இரண்டு கைகளையும் ஏந்தினார். பஸ் அவருக்கு நேராக வந்ததும், அம்மா அவர் கையைக் குறிவைத்துச் சாவியை வீசினாள்.

அது அத்தையிடம் போகவில்லை. கொஞ்சத் தூரம் எங்கள் சன்னலுக்கு நேராகவே வந்து, விலகிக் கீழே இறங்கி, புழுதியில் மறைந்தது.

"நேராத்தானடி போட்டேன்" என்றாள் அம்மா. "என்ன மாதிரியே பஸ்ஸோட ஓடியாருது பாரு."

எத்தனையோ வருடம் பஸ்ஸோடு ஓடியவள், உள்ளே உட்கார்ந்ததும் தானும் ஓடிக்கொண்டிருப்பதை மறந்துவிட்டாள். அவள் கையில் இருந்த சாவிக்கு பஸ்ஸின் வேகம் இருந்தது. விட்ட பிறகும் இருந்தது.

அம்மா இறங்க எழுந்துவிட்டாள். கல்லூரி போனால் போகட்டும் என்று சொல்லவில்லை. ஆனால் முகத்தில் அதுதான் இருந்தது. அவளைப் பிடித்து உட்காரவைத்து, நிறுத்தத்தில் மோர் விற்கும் இளையபெருமாள் அண்ணனைப் போனில் பிடித்தேன். எல்லோரும் தேடுகிறார்களாம். பஸ் போய்விட்டதால் சாவி பின்னால்தான் விழுந்திருக்கும் என்று பெரம்பலூர்ப் பக்கமாகவே குனிந்து தேடுகிறார்களாம்.

"திருச்சிப் பக்கம் தேடச் சொல்லுங்கண்ணே. உங்க மோர் வண்டி பக்கத்துல."

அவர் பதில் சொல்வதற்குள் வேறொரு குரல் கேட்டது. மோர் குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர்.

"இஞ்சி போடுவாங்க, கருவேப்பில போடுவாங்க. இது என்னங்க?"

சாவி மோர்ப்பானைக்குள் விழுந்து, அகப்பையில் ஏறி, அவர் தம்ளருக்குப் போயிருந்தது. அத்தை அதை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடியதாக அண்ணன் சொன்னார். அத்தை ஓடி ஊர் பார்த்தது அன்றுதான்.

கல்லூரி வரிசையில் நிற்கும்போது போன் வந்தது. முதல் குட்டி கால் மடங்கிச் சிக்கியிருந்ததாம். அத்தை பக்குவமாக நிமிர்த்தி எடுத்திருக்கிறார். இரண்டு கிடாய்கள். அம்மா வரிசையிலேயே வாய்விட்டுச் சிரித்தாள். முன்னால் நின்ற பையனின் அப்பாவிடம், கேட்காமலே, ஆட்டைப் பற்றிச் சொன்னாள்.

அதற்குப் பிறகு வருடக்கணக்காக ஒரே சண்டை. நேராகப் போட்டேன் என்பாள் அம்மா. கோணலாகப் போட்டாய் என்பார் அத்தை. வியாபாரம் மந்தமான வேளைகளில் நிறுத்தமே இரண்டு கட்சியாகும். தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிடுவார்கள். நான் நழுவிவிடுவேன்.

நான் இப்போது அரியலூரில் ரயில்வே சிக்னல் வேலையில் இருக்கிறேன். அம்மாவின் காரியத்தன்று அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அவ நேராத்தான் போட்டா பாப்பா. நாந்தான் வீம்புக்குப் பேசிக்கிட்டிருந்தேன்."

அதை என்னால் தாங்க முடியவில்லை.

"விட்டுக்குடுக்காதீங்க அத்த. பஸ்ஸுல இருந்து பாத்தா நேரா. நீங்க நின்ன எடத்துல இருந்து பாத்தா கோணல். ரெண்டும் நெசந்தான்."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்.

"அப்ப கோணலாத்தான் போட்டிருக்கா" என்றார்.

நாங்கள் சிரித்த சத்தத்தில் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.