விலா என்று எழுதினார்கள்

பதினோரு வருஷமாக ஒரு பொய்க்கு அடியில் என் பெயர் கிடக்கிறது. ரஷ்ய மொழியில் எழுதின பொய். கையெழுத்து மட்டும் என்னுடையது. நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது.

தாஷ்போலோத் எங்கள் கிர்கிஸ் ஊர்ச் சந்தை முக்கில் டிராஃபிக் போலீஸ். அங்கே சிக்னல் விளக்கு செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஆள்தான் விளக்கு. கறுப்பு வெள்ளை வரி போட்ட குச்சியைத் தூக்கினால் எல்லா வண்டியும் உஷார். பிறகு உடம்பு பேசும். அவர் நெஞ்சோ முதுகோ உன் பக்கம் இருந்தால் நில். விலா தெரிந்தால் போ.

யோக்கியன் என்று சொல்லமாட்டேன். முலாம்பழ லாரியைக் கண்டால் குச்சி தானாக நீளும், ஒரு பழம் இறங்கும். ஆனால் உடம்பைத் திருப்புவதில் அவரிடம் பொய் கிடையாது.

அன்று காலை நான் மினிவேனோடு முன்வரிசையில் நின்றேன். அவர் நெஞ்சு எனக்கு நேரே. அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த சாலைக்கும் 'நில்'தான். அதை நம்பித்தான் ரொட்டிக்காரி புருல், பழைய குழந்தை வண்டியில் ரொட்டியை அடுக்கித் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கச் சாலையில் இறங்கினாள். ஒரு பெரிய அதிகாரியின் மருமகன், கறுப்பு ஜீப், அதே பக்கமிருந்து நிற்காமல் வந்தான். ரொட்டியெல்லாம் உருண்டு ஓடியது. புருலுக்குக் கால் போயிற்று. இறங்கியவன் முதலில் குனிந்து பார்த்தது பம்பரை. தூ!

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். விசாரித்த அதிகாரி சூரியகாந்தி விதை கொறித்துத் தொலியை என் பூட்ஸ் பக்கமே துப்பிக்கொண்டிருந்தான். கேட்டது கிர்கிஸில், எழுதினது ரஷ்யனில்.

"போலீஸ்காரன் எந்தப் பக்கம் திரும்பி நின்னான்?"

"நெஞ்சு என் பக்கம் சார்."

"சரி, போடு கையெழுத்து."

"படிச்சுக் காட்டுங்க சார்."

"எத்தனாவது வரைக்கும் படிச்ச?"

"அஞ்சு."

"அப்ப நீ வண்டிய ஓட்டு. படிக்கிறத நாங்க பாத்துக்கறோம்."

போட்டேன். அவன் எழுதியிருந்தது 'விலா'. விலா என்றால் ஜீப்புக்கு வழி திறந்திருந்தது, தப்பு போலீஸ்காரர் மேல். அவர் சட்டையைக் கழற்றினார்கள். ஒரு மாதத்தில் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ரூட் பெர்மிட்டைப் பிடுங்கிவிடுவான்கள் என்று பொத்திக்கொண்டேன். அவன்களைத் துப்புகிறேனே, எச்சில் என் மேலும்தான் விழுகிறது.

ஆட்டுச் சந்தையில் கேட் காவல் கிடைத்தது அவருக்கு. "விலா அண்ணே, ஆடு போலாமா?" என்று வியாபாரிகள் இளிப்பார்கள்.

போன வசந்தத்தில் என் வண்டியில் ஏறினார், முன்சீட்டில். ஈரல் கெட்டு, பாதி ஆளாக இருந்தார். சந்தை முக்கில் புது போலீஸ்காரன் எங்களுக்கு நெஞ்சைக் காட்டி நின்றான்.

"டேய் மமசாலி, இவன் என்ன சொல்றான்?"

"நில்லுங்கறான் அண்ணே."

"அஞ்சாங்கிளாஸுக்கே தெரியுது பாரு. அன்னிக்குத் தெரியலையாடா?"

"தெரிஞ்சுது அண்ணே."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். போலீஸ்காரன் விலாவுக்குத் திரும்பியிருந்தான். நான் வண்டியை எடுக்கவில்லை. அவர் பையிலிருந்து ஒரு நோட்டுத் தாளை எடுத்து ஸ்டியரிங் மேல் வைத்தார்.

"வேலையும் வேணாம், சட்டையும் வேணாம். புருல் இன்னும் என்னைக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கிறா. நான்தான் வழிய விட்டேன்னு நெனைக்கிறா. அவகிட்ட குடுக்கணும். நம்ம பாஷையில, உன் கையால எழுது. பெருசா ஒண்ணும் வேணாம். நெஞ்சுன்னு எழுதிக் கீழ உன் பேரைப் போடு."