துரையின் ஒன்பதாவது உறை

லண்டனில் ஓர் ஆவணக் காப்பகத்தில் பெட்டி தூக்குவது என் தொழில். செத்தவர்களின் காகிதங்களை உயிரோடு இருப்பவர்களின் காபியிலிருந்து காப்பாற்றும் உத்தியோகம் என்றும் சொல்லலாம். பிறருடைய சாமான்களுக்குக் காவல் இருந்து முதுகுவலி வாங்கியவர்களுக்கு என் பாடு புரியும். என் முதுகை அதிகம் பதம் பார்த்தவர் ஒரே ஆள்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவில் ஒரு ராஜாவிடம் சம்பளத்துக்குப் போர் செய்த ஆங்கிலேயர். இரண்டு பெட்டிகள், ஒன்பது உறைகள். எனக்கு அவர் வெறும் 'துரை'.

பீரங்கிக்காரர்

வியாழக்கிழமை தவறாமல் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வருவார். துரைதான் அந்த ராஜாவின் பீரங்கிப் படையை நடத்தியவர். எந்தப் பீரங்கி எந்தக் கோட்டை மதிலை உடைத்தது என்பதைப் பென்சிலால் எழுதிக்கொள்வதே இந்த ஆசிரியருக்குப் பொழுதுபோக்கு.

ஒரு சண்டை முடிந்த மறுநாள், துரை தன் ஆட்களைப் புதைத்ததைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது கனக்கும். "இதையும் வாசியுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தேன். அவர் பக்கத்தைத் திருப்பிவிட்டுச் சொன்னார்: "சாவு எல்லாப் படையிலும் ஒன்றுதான், பீரங்கிதான் வேறு வேறு."

அடுத்த மழைக்குப் பிறகு

துரை தன் தங்கைக்கு எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு இருக்கின்றன. ஒவ்வொரு வருடமும் அதே கடைசி வரி: "அடுத்த மழை முடிந்ததும் ஊருக்கு வந்துவிடுவேன்." ராஜா செத்துப் படை கலைந்த பிறகுதான் கப்பல் ஏறினார், அதுவும் தனியாக. அதற்குள் தங்கை போய்ச் சேர்ந்துவிட்டாள்.

லண்டன் ஓரம் குட்மேய்ஸில் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது இதை மனைவியிடம் சொல்லி, "என்ன மனிசனப்பா!" என்று அலுத்துக்கொண்டேன். அவள் சோற்றைப் போட்டபடியே சொன்னாள்: "நீங்களும் பதினெட்டு வருசமாய் அடுத்த வருசம் ஊருக்குப் போவம் எண்டுதானே சொல்லுறியள்."

எங்கள் வேலை எது?

போன மாதம் கரூரிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஓர் அம்மா துரையின் பெட்டிகளைக் கேட்டார். "எங்க பாட்டியோட பாட்டி இந்தத் துரைக்குப் பொறந்தவங்களாம். எங்களை ஒரு தடவையாச்சும் நெனச்சாரான்னு பாக்கணும் தம்பி." மூன்று நாள் முதல் எட்டு உறைகளையும் அலசினார். குதிரை இருந்தது, சமையற்காரன் இருந்தான். மனைவி என்றோ பிள்ளை என்றோ ஒரு சொல் இல்லை.

ஒன்பதாவது உறை, 'அடையாளம் தெரியாத எழுத்து' என்று பட்டியலில் பதிவானது. உள்ளே ஒரே ஒரு கடிதம். முதுகில் துரையின் கையால் ஆங்கிலத்தில்: "அவளிடமிருந்து. வாசிக்க யாரையாவது தேட வேண்டும்." பிரித்தால் தமிழ்! புள்ளி வைக்காத பழைய கூட்டெழுத்து. அந்த அம்மாவுக்கு வாசிக்க ஓடவில்லை. ஊரில் நிலப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் பழைய காணி உறுதிகளைப் பிரதி எடுத்தவன் நான். வாசிக்கக் குனிந்தேன். மேற்பார்வையாளர் தோளைத் தட்டினார்: "கொண்டுவந்து கொடுப்பதுதான் நம் வேலை, வாசிப்பது அல்ல."

வாசல் பெஞ்சில்

படம் எடுக்கத் தடையில்லை. அந்த அம்மா போனில் எடுத்துக்கொண்டார். மதிய இடைவேளையில் வாசல் பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினேன். "தாங்கள் கப்பலேறின மூன்றாம் மாசம் பெண் குழந்தை பிறந்து சேமமாயிருக்கிறது. நாமகரணம் தகப்பனார் உத்தரவுப்படி ஆக வேண்டியது. தாங்கள் எழுதுகிற பெயரையே வைப்போம். அதுவரைக்கும் பாப்பா என்று அழைத்து வருகிறோம்."

"இவ்வளவுதான் அக்கா" என்றேன். அவர் போனை வாங்கி, அந்த எழுத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "அவங்க எழுபது வயசுல செத்தாங்க தம்பி. கடைசி வரைக்கும் அவங்க பேரு பாப்பாதான்."

அத்தனை கோட்டை மதில்களை உடைத்த துரைக்கு, ஒரு காகிதத்தை யாரிடமாவது நீட்டி "இதைக் கொஞ்சம் வாசித்துச் சொல்லுங்கள்" என்று கேட்கத்தான் துணிச்சல் வரவில்லை.