அக்காவை வைரம் என்றவர்

வைரம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மருமகளை வைரம் என்பார்கள். லீவே கேட்காத ஊழியரும் வைரம். எழுபது வயதில் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிற கிழவர் வைரம் பாய்ந்த கட்டை. கவனித்துப் பாருங்கள், பாராட்டி முடித்த கையோடு அவர்களிடம் இன்னொரு வேலையைக் கொடுப்பார்கள்.

நாள் முழுக்க வைரத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் அந்த வார்த்தையைச் சொல்வதே இல்லை. பட்டை தீட்டி வரும் வைரங்களைத் தரம் பிரிக்கும் கூடம் எங்களுடையது. எங்களுக்கு அது கல், அவ்வளவுதான். அங்கே வைரம் என்று வாய் நிறையச் சொல்பவர் முதலாளி ஒருவர்தான். அதுவும் என் அக்காவைப் பார்த்து.

ஜன்னலோர முதல் மேஜை அக்காவுடையது. இருபத்திரண்டு வருடம் லென்ஸ் வைத்துப் பார்த்ததில் அவளுடைய வலது கண் கொஞ்சம் சுருங்கிவிட்டது. "உங்கக்கா என்னையும் லென்ஸ் வச்சுதான் பாத்தா. உள்ள கரும்புள்ளி இருக்குன்னு தெரிஞ்சும் எடுத்துக்கிட்டா பாரு, அதான் பெரிய மனசு" என்று அத்தான் கிண்டல் செய்வார். என்னை இந்த வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அக்காதான். அவளுக்கு நேர் எதிர் மேஜையில் பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.

கல்லைக் கையால் தொடக்கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். எண்ணெய்ப் பிசுக்கு எங்கே இருக்கிறதோ அங்கே போய் அது ஒட்டிக்கொள்ளும். அதனால் சாப்பிட்டு வந்ததும் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவுவோம். எடுப்பதும் வைப்பதும் இடுக்கியால்தான்.

அன்று மதியம் முதலாளி ஏப்பம் விட்டுக்கொண்டே வந்தார். அக்கா பிரித்து வைத்திருந்த பொட்டலத்திலிருந்து ஒரு கல்லை விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இன்னொரு கையில் போன்.

"சார், கை கழுவிட்டு எடுங்க" என்றாள் அக்கா.

"எனக்கே பாடம் எடுக்குறியாம்மா?" என்று சிரித்தார். கல்லைப் போட, பொட்டலத்தின் மேல் விரலை உதறிவிட்டுப் போனைக் குடைந்துகொண்டு நின்றார். போட்டதாக அவரும் நம்பியிருப்பார், அதைச் சொல்லிவிடுகிறேன். அக்கா எண்ணினாள். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று.

"கல்!" என்று குரல் கொடுத்தாள். அந்தக் குரல் கேட்டால் மின்விசிறிகள் நிற்கும், ஒருவரும் காலைத் தூக்கமாட்டோம். டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்துத் தேடினார்கள். கிடைக்கவில்லை. அடுத்தது சோதனை. அதற்கும் முன்பு புத்தகம். யார் மேஜையில் கல் தொலைந்தது, எங்கே கிடைத்தது, யார் சாட்சி என்று அதில் எழுதுவார்கள். 'கிடைத்த இடம்' காலியாக நின்றுவிட்டால் அந்தப் பெயருக்கு எந்தக் கூடத்திலும் வேலை கிடையாது. முதலாளி தன் கையாலேயே அக்காவின் பெயரை எழுதினார்.

"பதினொரு மணியிலேர்ந்து கல்லு உன்கிட்டதானம்மா இருந்துச்சு?"

நாற்பது பேருக்கு நடுவில் அக்காவை ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். காவலுக்கு இருக்கும் அம்மா அவளுடைய பின்னலை அவிழ்த்து, வெள்ளைத் தாளை மடியில் விரித்து, பேன் சீப்பால் வாரினாள். நகக்கண், காது, நாக்குக்கு அடியில் எல்லாம் பார்த்தாள். அக்கா முதலாளியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கல்லைக் கையால தொட்டது நீங்க ஒருத்தர்தான் சார். உங்களையும் பாக்கச் சொல்லுங்க."

"என்ன பேசற நீ? என் கல்லை நானே திருடுவேனா?"

அப்போது போன் மணி அடித்தது. கீழே காத்திருந்த வியாபாரி. காதில் வைத்துக் குழைந்து குழைந்து பேசிவிட்டுப் போனை இறக்கினார். அந்த வழவழப்பான கன்னத்தில் கல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பிசுக்குப் பிடித்த போன் உறையின் ஓரத்தில் இத்தனை நேரம் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது.

காவல்கார அம்மா விரலை நீட்டிக் காட்டினாள். முதலாளி தடவி எடுத்துப் பார்த்து, கூடமே அதிரச் சிரித்தார். "அட, இங்கதான் இருக்கா! எனக்குத் தெரியும்மா, நீ நம்ம கம்பெனியோட வைரம். சரி, சீக்கிரம் பொட்டலத்துல கையெழுத்துப் போடு, அவர் காத்துட்டிருக்கார்."

மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அக்கா எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்தாள். 'கிடைத்த இடம்' என்ற கட்டத்தில் 'முதலாளியின் கன்னம்' என்று எழுதி, பேனாவை அவரிடம் நீட்டினாள்.

"இதென்னம்மா விளையாட்டு?"

"நீங்க இதுல போடுங்க. அப்புறம் நான் அதுல போடறேன்."

பிரித்தவர் கையெழுத்து இல்லாமல் பொட்டலம் கூடத்தை விட்டு வெளியே போகாது. அது அவரே போட்ட விதி. போன் மறுபடியும் அடித்தது. காது சிவக்க, கிறுக்கினார். அக்கா அதை நிதானமாகப் படித்துப் பார்த்த பிறகே பொட்டலத்தில் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு மேஜைக்கு வந்து அடுத்த பொட்டலத்தைப் பிரித்தாள். தலையைப் பின்னிக்கொள்ளவில்லை. தலைவிரிகோலமாகக் கூடத்தில் உட்காரக்கூடாது என்றும் விதி உண்டு. முதலாளி இரண்டு முறை அந்தப் பக்கம் வந்தார், பார்த்தார், போனார்.

டீ நேரத்தில் நான் ரப்பர் பேண்டை எடுத்துக்கொண்டு போய் அவள் பின்னால் நின்றேன். "பின்னி விடட்டுமா அக்கா?"

அவள் என் கையைத் தட்டிவிட்டாள். லென்ஸைக் கழற்றி, சுருங்கிய அந்தக் கண்ணால் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்தாள் கல்லைத் தொட்டதை நீயும்தானே பாத்த? எதிர்லதானே உக்காந்திருந்த?"