மாவு மில்லில் இருந்த கிதார்

அன்று சகுந்தலா அக்கா எதற்காக அழுதார்? முப்பது ஆண்டுகள் கடந்தும் இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. சென்ற வாரம் வடக்கனந்தலிலிருந்து அவருடைய தம்பி முருகவேல் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். "அக்கா போயிடுச்சும்மா. சாயங்காலம் எடுக்கிறோம், வந்துடு." துக்கத்துக்கும் முன்னால் எனக்குள் எழுந்தது அந்தக் கேள்விதான். இனி அதைக் கேட்க ஆளில்லை.

ஊர் அவரை மாவு மில்லுக்காரராகத்தான் அறியும். அப்பா இறந்தபின் இருபது வயதில் மில்லை ஏற்றுக் கடைசிவரை நடத்தினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. மிளகாய் அரைத்த இயந்திரத்தில் அரிசியைப் போட விடமாட்டார், யார் கெஞ்சினாலும் சரி. அடுத்த தெருவில் இருந்த நான் அவரைவிட நான்கு வயது இளையவள். அவர் கிதார் பழகினார் என்பது எங்கள் தெருவிலேயே பலருக்கு மறந்துவிட்டது.

இட ஒதுக்கீட்டுக்கான சாலை மறியல் நடந்த காலம் அது. கள்ளக்குறிச்சிச் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பேருந்து ஓடாத தார்ச்சாலையில் ஆடுகள் படுத்திருந்தன. ஊர் ஏதோ தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் இருந்தது. மறியலில் பிடிபட்ட முருகவேல் அண்ணன் சிறையில் இருந்தார்.

திருவிழாக் கச்சேரிக்கு வந்து மாட்டிக்கொண்ட சேலத்துக் கிதார்காரர் ஒருவர் கல்வராயன் மலை வழியே நடந்தே ஊர் திரும்ப முடிவு செய்தார். மலைமேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது. கிதார் நனையக் கூடாதென்று அதை மில்லில் விட்டார்.

"பஸ் விட்டதும் வந்து எடுத்துக்கறேனுங்க. சும்மா மாட்டி வெச்சிராதீங்க, வாசிங்க."

"எனக்கு இன்னாங்க தெரியும்?" என்றார் அக்கா.

கிதார்காரர் தம் இடக்கையின் மூன்று விரல்களைக் கம்பிகள்மேல் வைத்துக் காட்டினார். "இப்படிப் புடிச்சிட்டு வலக்கையால தடவுங்க. இப்போதைக்கு இது போதும்." அக்காவும், எந்நேரமும் மில்லிலேயே கிடந்த நானும் பெற்ற மொத்தப் பாடம் அதுதான்.

இரண்டொரு நாளில் கம்பிகள் தளர்ந்துவிட்டன. எந்த ஒலிக்கு முறுக்குவது? எங்களுக்குத் தெரிந்த நிலையான ஒலி மில்லின் ஓட்டம் ஒன்றுதான். அதற்கே முறுக்கினோம். சற்று நேரத்தில் சேராமல் போயிற்று. மறுபடி முறுக்கினோம், மறுபடி போயிற்று. மாவுக்காகக் காத்திருந்த பெண்களுக்கு நல்ல வேடிக்கை.

"மாவ அரைக்கச் சொன்னா இவ கம்பிய அரைச்சிக்கினு கீறா."

"நீ ஒரு பாட்டுப் பாடு அத்தே, அதுக்கு வெச்சிக்கிறேன்" என்றார் அக்கா.

"நான் பாடனா மில்லே நின்னுடும்டி."

ஒரு பிற்பகல் மின்சாரம் போனது. இயந்திரம் மெல்லத் தணிந்து நின்றது. மாவுத் தூசி கூரைக் கண்ணாடி வழியாக வந்த வெளிச்சத்தில் இறங்காமல் மிதந்தது. அக்கா அந்த மூன்று விரல்களை வைத்துத் தடவினார். மில் சத்தம் இல்லாமல் கிதாரை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டோம். தூசிகூட அந்த ஒலிக்காகவே நிற்பதுபோல் எனக்குத் தோன்றியது. இப்படியெல்லாம் நினைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது.

பிறகு அக்கா சிரித்தார். "ஏ பாப்பா, கிதாரு சும்மாதான் இருக்கு. தொட்டில அரிசி வுழுந்தா மில்லு சத்தம் எறங்குது, தீந்தா ஏறுது. அத்தத் தொரத்திக்கினு நாமதான் மாத்திக்கினே இருந்திருக்கோம்!"

அன்றிலிருந்து, அரிசி விழும்போது இறங்கும் அந்தச் சத்தத்துக்கே சுருதி வைத்துக்கொண்டோம். விரல் நுனிகள் சிவந்து தடித்தன. அக்கா தாமாகவே ஒரு மெட்டை உருவாக்கினார். சின்ன மெட்டுத்தான், ஆனால் முடிவு அமையவில்லை. எங்கே நிறுத்தினாலும் பாதியில் எழுந்து போனதுபோல் இருந்தது.

"ரோடு தொறந்தா தம்பி வந்துடுவான்" என்றார் ஒருநாள், கம்பியைப் பார்த்தபடியே. "இது பூடும். அவன் வரணும், இது போவக்கூடாது. ரெண்டும் எப்டி நடக்கும், சொல்லு?" ஒரு கம்பியைத் தட்டிவிட்டு, "நான் இன்னா அக்கா பாரு" என்றார்.

சாலை திறந்தது. முதல் பேருந்திலேயே கிதார்காரர் வந்துவிட்டார். மெட்டுக்கு முடிவு வந்திருக்கவில்லை. அக்கா கிதாரைத் துடைத்துக் கொடுத்தார். அவர் ஒருமுறை மீட்டிவிட்டு, "இது என்ன சுருதிங்க?" என்றார்.

"மில்லு சுருதிங்க."

அவர் சிரித்தார். "ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் இப்படியே இருக்கட்டும்" என்று, முறுக்காமலே எடுத்துப் போனார்.

அதே பேருந்து மதியம் திரும்ப வந்தபோது முருகவேல் அண்ணன் இறங்கினார். மில் வாசலில் அக்கா அவரைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையை ஊரே பார்த்தது. அன்று எல்லோரும் அவருடைய சிறைக் கதையைத்தான் கேட்டார்கள். கிதாரைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை, பிறகு எந்தக் கிதாரையும் தொடவும் இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் நடந்ததை மட்டும் எழுதி முடிக்கிறேன். காலையில் பால் தெளித்துவிட்டு வந்தார்கள். மில் வாசலில் ஒரு பெண் ஊறவைத்த அரிசியோடு தயங்கி நின்றார். மகளுக்கு வளைகாப்பு. "அக்கா இருந்தா திருப்பி அனுப்பாது" என்று முருகவேல் அண்ணன் மில்லைப் போட்டார். அரிசி விழுந்தது, சத்தம் இறங்கியது.

"இந்தச் சத்தம் எறங்கனா போதும்மா, அக்கா வெரல இப்டி வெச்சிக்கும்" என்று இடக்கையைக் காட்டினார். "இன்னாக்கா இதுன்னா, சும்மாடான்னும். உனக்குத் தெரியுமா?"

சொன்னேன், எல்லாவற்றையும். அவர் மிச்ச அரிசியையும் தொட்டியில் தள்ளினார்.

"அப்போ அன்னிக்கி அது அழுதது?"

"தெரியலண்ணே."

மில்லை நிறுத்தினார். ஓசை தணிந்தபின், மாவு படிந்த கையை என்முன் நீட்டி மூன்று விரல்களை மடக்கினார். "இப்டியா?"

அவருடைய நடுவிரலைச் சற்றுத் தள்ளி வைத்தேன்.