கைப்பிடியைத் தொடாதீர்கள்

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது, சென்னைக் கப்பல்தான் வரவில்லை. தீவில், டாலிகஞ்சின் ஓர் அரசு விடுதி வராந்தாவில், கட்டிவைத்த பெட்டியோடு பத்து நாளாகச் சலித்துக் கிடந்தேன்.

அங்கே தோட்ட வேலை பார்த்தவர் ஒல்லியான மனிதர். தினமும் தண்ணீர் ஊற்றும் முன், வராந்தாவை ஒட்டிய கறிவேப்பிலைச் செடியின் இலைகளை ஒரு விரலால் திருப்பிப் பார்ப்பார். பறவை எச்சம்போல் ஒட்டியிருந்த புழுக்கள் பச்சையாக வளர்ந்து, செடியை மொட்டையடித்துக்கொண்டிருந்தன.

“மருந்து அடிச்சா என்ன?” என்று எரிந்து விழுந்தேன்.

“ரெண்டு வாரம்தான் சார் தின்னும். அப்புறம் செடிய விட்டுட்டுக் கெளம்பிரும். நாமதான் வந்த எடத்துலயே கெடக்கோம்.”

கப்பல் வந்த அன்று பெட்டியைத் தூக்கப் போனேன். கைப்பிடியில், இடுப்பில் ஒற்றை நூல் கட்டிக்கொண்டு, ஒரு பச்சைப் புழுக்கூடு சாய்ந்து நின்றது. அவர் ஓடிவந்து பெட்டியைக் குறுக்கே கயிற்றால் கட்டினார்.

“கயித்தப் பிடிச்சுத் தூக்குங்க சார், கைப்பிடியத் தொடாதீங்க. ஜஹாஜ்ல போயி இதாச்சும் மெயின்லேண்ட் பாக்கட்டும்.”

“நீங்க எப்ப ஊருக்கு?”

அவர் முடிச்சை இன்னொரு முறை இறுக்கினார்.

மூன்றாம் நாள் காலை, கப்பலின் மேல்தளத்தில் கூடு வெடித்தது. கறுப்பும் வெளிர்மஞ்சளுமாக வெளிவந்த வண்ணத்துப்பூச்சி, இறக்கை உலர்ந்ததும் பறந்தது. சுற்றிலும் கடல். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என் பெட்டிக்கே திரும்பியது. கரை தெரிந்தபோது அதைக் காணவில்லை.

இறங்கும்போது கூடு காலிதான். ஆனாலும் கயிற்றைப் பிடித்துத்தான் பெட்டியைத் தூக்கினேன்.