மூக்கை மூடிய தொழிற்சாலை

சென்ற செவ்வாய்க்கிழமை சிம்பாங் அம்பாட் ஊரில் ஒரு பெயின்ட் தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். பாதுகாப்பு வாரமாம், நான் சிறப்புப் பேச்சாளராம். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்குப் பாதுகாப்பைப் பற்றி என்ன தெரியும்? அதை அவர்களும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

வாசலிலேயே மேனேஜர் ஒரு பலகையைப் பெருமையோடு காட்டினார். விஷவாயு அலாரம் இந்த ஆண்டு ஒருமுறைகூட அடிக்கவில்லையாம்.

நான் மேடையேறி இரண்டு நிமிடம் ஆகியிருக்காது... அலாரம் அடித்தது.

"ஒண்ணும் இல்ல லா, சும்மா கத்துது. நீங்க பேசுங்க சார்," என்றார் மேனேஜர். பேசினேன் — கைதட்டல் வாங்காமல் இறங்க எந்தப் பேச்சாளனுக்கு மனம் வரும்?

பின்வரிசையில் டெக்னீஷியன் கமலா எழுந்தார். "எல்லாரும் வெளிய போங்க. அண்ணே, நீங்களும்தான்."

போனோம். கமலா மட்டும் முகமூடி மாட்டிக்கொண்டு ஸ்டோருக்குள் நுழைந்தார். ஸ்டோர்கீப்பர் ரஹீமைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தார். உள்ளே பெயின்டை இளக்கும் தின்னர் இருந்த ஒரு டிரம் பல நாளாகக் கசிந்துகொண்டிருந்திருக்கிறது.

காற்று பட்டதும் ரஹீம் மெல்லப் பேசினார். "ரெண்டு மாசமா தலைவலி அக்கா. கண்ணாடி மாத்தணும்னு நெனச்சேன்."

இத்தனை நாள் அலாரம் ஏன் அடிக்கவில்லை? கமலாவிடம் கேட்டேன்.

"சென்சாருக்குள்ள டின் ஆக்சைடு இருக்கு அண்ணே. கண்ணுக்குத் தெரியாத துகளுங்க, நடுவுல நெறைய ஓட்டை. வாயு அதுல பட்டா கரண்ட் ஓடுற அளவு மாறும், அலாரம் அடிக்கும். ஆனா வாயு உள்ள போகணும்ல? கத்தினா வேலை நிக்குதுன்னு பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டிட்டாங்க. கூட்டம் தொடங்குறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நான்தான் அவுத்தேன்."

விஞ்ஞானிகள் வருடக்கணக்கில் உழைத்து, தலைமுடியைவிட மெல்லிய அமைப்புகளை வளர்த்து, உலோகத்துக்கு மூக்கு செய்கிறார்கள். அதை அடைக்க நமக்கு மீன் வாங்கிய பை போதும்.

நேற்று கமலா போன் செய்தார். ரஹீம் வேலைக்குத் திரும்பிவிட்டார், தலைவலி இல்லை. கமலாவுக்குத்தான் ஒரு கடிதம் வந்திருக்கிறது — அனுமதியில்லாமல் பையை அவிழ்த்தது ஏன் என்று விளக்கம் கேட்டு.

"என்ன எழுதப் போறீங்க?"

"எழுதிக் குடுத்துட்டேன் அண்ணே. 'மூச்சு விடுறதுக்கு'. அவ்வளவுதான்."

இத்தனை வருடம் எழுதுகிறேன்... இவ்வளவு சுருக்கமாக எனக்கு எழுத வந்ததே இல்லை.